கடல்நாகத்தின் வயிற்றில் ஓடிய படகு

சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் சாலையோரத்துக் குன்றில், 1990-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுக்காலம் ஒரு படகு ஓடிற்று. அது கடலில் ஓடிய படகன்று, ஆற்றில் ஓடியதுமன்று. அறுபது மீட்டர் நீளமுள்ள கடல்நாகம் ஒன்றின் வயிற்றுக்குள்ளே, இருட்டில், அது ஊர்ந்து சென்றது. சீனர் கூறும் நரகத்தின் பத்து மன்றங்களும் ஒன்றன்பின் ஒன்றாய் அதில் அமர்ந்திருந்தோர் கண்முன் வந்தன. நாவை இழுக்கும் கிங்கரரையும் கத்தி மரத்தையும் கண்டு தாயின் தோளில் முகம் புதைத்த குழந்தைகள் இன்று முப்பதையும் நாற்பதையும் கடந்தவர்கள். அந்தப் படகு இன்றில்லை. அதைத் தாங்கிய நாகமும் இன்றில்லை. ஆயினும் "அந்தப் படகில் போயிருக்கிறாயா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக் கொள்வதை அத்தலைமுறையினர் இன்னும் விட்டாரில்லை.

காசு கொடுத்துச் சிலநேரம் அஞ்சிவிட்டு வரும் வேடிக்கைக்கு வரலாறு ஒரு கேடா என்று சிலர் வினவலாம். அரசர் ஆண்ட ஆண்டுகளையும் போர் நடந்த களங்களையும் எழுதி வைத்தார்கள். மக்கள் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை எங்குச் சென்றனர் என்பதை எழுதி வைத்தவர் குறைவு. எழுதி வைக்காத காரணத்தினாலேயே அது மறைந்தபின் மீட்டற்கரியதாகின்றது. ஆகவே இதனைச் சிறிது ஆராய்வது வீண் வேலையாகாது.

இருட்டுச் சவாரி என்னும் இவ்வகைக் கேளிக்கை சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருப்பெற்றுவிட்டது. 1901-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடந்த பொருட்காட்சியில், பிரெடரிக் தாம்சன் என்பவர் நிலவுக்குப் போய்வருவது போன்றதொரு காட்சியை அமைத்தார். இறகசைக்கும் கப்பல் ஒன்றில் மக்களை அமர்த்தி, பூமி கீழே சிறுத்து மறைவதுபோலவும் நிலவு அணுகி வருவதுபோலவும் ஓவியத்தாலும் விளக்கொளியாலும் காட்டினார். மக்கள் திரள் திரளாய்ச் சென்று பார்த்தனர். 1903-இல் நியூயார்க்கை அடுத்த கோனித் தீவில் அவர் கூட்டாளியுடன் திறந்த கேளிக்கைப் பூங்காவுக்கு 'லூனா பார்க்' என்றே பெயர் வைத்தார். அதே காலத்தில் 'பழைய ஆலை' என்ற பெயரில் நீர்ச் சவாரிகளும் பெருகின. குறுகலான கால்வாய் ஒன்றை ஒரு கூடத்துக்குள் வளைத்து வளைத்து ஓடவிடுவார்கள்; நீரோட்டத்தில் படகு தானாகவே மிதந்து செல்லும்; இடையிடையே சுவரிற் குடைந்த மாடங்களில் விளக்கேற்றிய காட்சிகள் தோன்றும். பாசிர் பாஞ்சாங்குப் படகுக்கு மூதாதை இதுதான்.

படகிலிருந்து இரும்புப் பாதைக்கு மாறியது 1928-ஆம் ஆண்டளவில். நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த லியோன் காசிடி என்பார், கால்வாய் வெட்டவும் நீரைக் காக்கவும் ஆகும் செலவை மிச்சப்படுத்த எண்ணி, ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சிறு வண்டியை அமைத்தார். சிறிய கூடத்துக்குள் தண்டவாளத்தை நெளித்து மடக்கியதால், வண்டி திடீர் திடீரெனத் திரும்பும். முறுக்கைப் போலப் பின்னிச் சுடும் 'பிரெட்செல்' என்னும் ஒருவகைத் தின்பண்டம் மேனாட்டாரிடம் உண்டு. அதைப்போலத் தம் உடம்பு முறுக்கப்பட்டதாகச் சவாரி செய்த ஒருவர் சொல்ல, வண்டிக்கு அதுவே பெயராயிற்று என்பர். இருட்டும் வளைவும் சேர்ந்தால் சிறிய இடமும் பெரிதாய்த் தோன்றும். சக்கரம் தண்டவாளத்தின் ஓரிடத்தை மிதித்ததும் மறைவிலிருந்து ஒரு எலும்புக்கூடு எழும், ஓசை கிளம்பும். பெரிய விஞ்ஞானம் எதுவும் அதிலில்லை. மனிதன் இருட்டில் அளவு அறியமாட்டான் என்ற ஒரே உண்மையை வைத்து நடந்த தொழில் அது.

இவ்வண்டி இங்கிலாந்தின் பிளாக்பூல் நகருக்கு 1930-இல் வந்தபோது, பிரெட்செல் என்றால் அங்குள்ளார்க்கு விளங்கவில்லை. அர்னால்டு ரிட்லி எழுதி 1925-இல் அரங்கேறிய 'பேய் ரயில்' என்ற நாடகம் அந்நாளில் பலரும் அறிந்ததொன்று. அப்பெயரையே வண்டிக்கும் சூட்டினர். ஆங்கிலேயர் ஆட்சி பரவிய இடங்களிலெல்லாம் இச்சவாரி 'பேய் ரயில்' என்றே வழங்கியதன் காரணம் இதுவே.

சிங்கப்பூரிலும் அது வந்தது. ஜாலான் புசாரில் 1923-இல் திறக்கப்பட்ட 'நியூ வோர்ல்டு', கிம் செங் சாலையில் 1931-இல் திறக்கப்பட்ட 'கிரேட் வோர்ல்டு', அதற்குச் சில ஆண்டு பிந்திக் கேலாங்கில் எழுந்த 'ஹேப்பி வோர்ல்டு' ஆகிய மூன்று 'உலகங்களும்' தொலைக்காட்சி வருமுன் அந்நகர மக்களின் இரவுகளை ஆண்டன. சீன நாடகமும் மலாய் பங்சாவானும் ஒருபுறம். குத்துச்சண்டையும் மல்யுத்தமும் மறுபுறம். நடனக் கூடம், திரைப்படம், தின்பண்டக் கடை எல்லாம் ஒரே வளைவுக்குள். கிரேட் வோர்ல்டில் ராட்டினத்தோடு பேய் ரயிலும் இருந்தது. பழைய சீன இடுகாடு ஒன்றின்மீது எழுந்த பூங்கா அது என்பதையும் சொல்ல வேண்டும். பேய் ரயிலுக்கு அதைவிடப் பொருத்தமான நிலம் எங்கே கிடைக்கும்! 1964-இல் அதன் கேளிக்கைகள் நின்றன. அவ்விடத்தில் 1997-இல் எழுந்த வணிக வளாகம் பூங்காவின் பெயரைச் சுமக்கின்றது; வேறொன்றையும் சுமக்கவில்லை.

பாசிர் பாஞ்சாங் தோட்டத்தின் கதை வேறு. அது வணிகத்துக்காக எழுந்ததன்று. தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் நம்மவர் வீடுகளிலும் தவறாது இருக்கும் டைகர் பாம் தைலத்தை உலகெங்கும் பரப்பிய ஆவ் பூன் ஹாவ், ஆவ் பூன் பார் ஆகிய உடன்பிறப்புகள் இரங்கூனில் பிறந்தவர்கள்; அங்கு மருந்துக்கடை நடத்திய ஹக்கா சீனர் ஒருவரின் மக்கள். ஹாவ் என்றால் புலி, பார் என்றால் சிறுத்தை. 1920களில் அவர்கள் தங்கள் தொழிலின் தலைமையிடத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றினர். மூத்தவர் தம் இளவலுக்காகக் குன்றின்மேல் ஒரு மாளிகையை 1937-இல் கட்டினார். அதைச் சுற்றித் தோட்டம் அமைத்தார். அது வெறும் பூந்தோட்டமன்று. சீனப் புராணங்களும், பெற்றோரைப் பேணிய மக்களின் கதைகளும், மேற்கு நோக்கிப் பயணம் செய்த துறவியும் அவருடைய குரங்குத் துணைவனும் வண்ணச் சிலைகளாய் அங்கே நிறைந்தன. நம் கோயிற் கோபுரங்களின் சுதைச் சிற்பங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு அவை அந்நியமாய்த் தோன்றா. அதே பளிச்சென்ற வண்ணம். அதே பருத்த விழி. கல்லாதவனும் பார்த்த மாத்திரத்தில் கதையை அறிய வேண்டும் என்ற அதே நோக்கம்.

போரின்போது இளையவர் இரங்கூனுக்குச் சென்று 1944-இல் அங்கேயே காலமானார். போர் முடிந்து திரும்பிய மூத்தவர், சிதைந்து கிடந்த மாளிகையைச் செப்பனிட மனமின்றி இடித்துவிட்டார். தோட்டத்தையோ கைவிடவில்லை, 1954-இல் தாம் மறையும்வரை சிலைகளைக் கூட்டிக்கொண்டே இருந்தார். பொதுமக்கள் கட்டணமின்றி வந்து பார்த்தனர். பல இனத்தாரும் வந்தனர். ஒரு காசும் கையிலில்லாத தொழிலாளியும் தன் குடும்பத்தோடு வந்து நாள்முழுதும் கழிக்கக்கூடிய இடமாக அது இருந்தது என்பதை மறத்தலாகாது.

அங்கு மக்கள் நெஞ்சில் ஆழப் பதிந்தது பத்து மன்றங்களே. முதல் மன்றத்தில் நல்லாரும் பொல்லாரும் பிரிக்கப்படுகின்றனர். நல்லார் பொற்பாலமும் வெள்ளிப் பாலமும் கடந்து போக, தீயோர் தம் வினையைக் காட்டும் கண்ணாடியின் முன் நிறுத்தப்படுகின்றனர். அதன்பின் தண்டனைகள். வரி ஏய்த்தவனையும் வாணிகத்தில் வஞ்சித்தவனையும் கல்லுலக்கையால் இடிக்கின்றனர். கொடுவட்டி வாங்கியவனைக் கத்தி மலைமேல் எறிகின்றனர். புறங்கூறித் திரிந்தவனின் நாவைப் பிடுங்குகின்றனர். ஆறாம் மன்றம் ஆசிரியர் ஒவ்வொருவரும் நின்று படித்தற்குரியது: புத்தகங்களைத் தவறாகப் பயன்படுத்தியவனும், சோற்றை வீணாக்கியவனும் அங்கே வாளால் இரண்டாக அறுக்கப்படுகின்றனர். எட்டாம் மன்றத்திலோ, பெற்றோர்க்குத் தொல்லை கொடுத்தவனோடு, தேர்வில் ஏமாற்றி எழுதியவனும் குடல் பறிக்கப்படுகின்றான். கொலைஞனுக்கு ஒன்பதாம் மன்றம்வரை முறை வருவதில்லை! பள்ளிப் பிள்ளைகள் இந்த எட்டாம் மன்றத்தை மட்டும் ஆயுள் முழுதும் மறவாதது வியப்பன்று.

ஐந்தாம் மன்றத்துக்கு அரசன் யான்லுவோ. இவன் வேறு யாருமல்லன். நாம் கூற்றுவன் என்றும் காலன் என்றும் வழங்கும் எமனே. வேதகாலத்திலிருந்து வழங்கிய யமன் என்னும் பெயர் பௌத்த நூல்களோடு சீனத்துக்குச் சென்று, அங்குள்ளோர் நாவில் யான்லுவோ ஆயிற்று. சீனத்தில் அவனுக்குத் துணையாக மேலும் ஒன்பது அரசர்கள் சேர்ந்தனர். பத்து அரசர்களையும் பற்றிய நூலின் பழைய பிரதிகள் துன்ஹுவாங் குகையிற் கிடைத்துள்ளன. அவை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுடையன. சீனர் தம் நாட்டு வழக்கப்படியே நரகத்தையும் அலுவலகமாக்கிவிட்டனர்: நீதிபதி, எழுத்தர், ஏடு, தீர்ப்பு என்று எல்லாம் வரிசைப்படி நடக்கும். சித்திரகுப்தனுடைய கணக்கேட்டை அறிந்த நமக்கு இதுவும் புதிதன்று. தமிழ்க் குழந்தையொன்று அந்த இருட்டில் அஞ்சியபோது, அது தன் பாட்டியிடம் கேட்ட எமலோகத்தையே வேறுடையிற் கண்டு அஞ்சியது.

1980களின் பிற்பகுதியில் தோட்டம் சிங்கப்பூர்ச் சுற்றுப்பயண வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. தனியார் நிறுவனம் ஏறத்தாழ 8 கோடி வெள்ளி செலவிட்டு அதனைப் புதுக்கி, 1990-இல் 'டிராகன் உலகம்' என்ற பெயருடன் திறந்தது. அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்களின் முறை அப்போது எங்கும் மோகமாயிருந்த காலம். நீர்ச்சறுக்கு வண்டி வந்தது. நாடக அரங்குகள் வந்தன. பத்து மன்றங்கள் நாகத்தின் உடலுக்குள் அமைந்தன. அவற்றைக் காணப் படகும் வந்தது. கூடவே வாயிலில் கட்டணமும் வந்தது. பெரியவர் ஒருவருக்கு 16 வெள்ளி. இலவசமாய்ப் பார்த்துப் பழகிய மக்களுக்கு அது பெருந்தொகை. தொடக்கத்தில் கூட்டம் வந்தது, பின்னர்க் குறைந்தது. கட்டணம் குறைக்கப்பட்டு இறுதியில் நீக்கவும்பட்டது. நட்டம் நின்றபாடில்லை. 2001-ஆம் ஆண்டில் நிறுவனம் விலகிக்கொண்டது. பழைய தோட்டமாகவே அது மீண்டும் வழங்கலாயிற்று. படகு அந்தப் பத்தாண்டோடு போயிற்று. நாகமும் பிறகு இடிக்கப்பட்டு, மன்றங்களைச் சுற்றிச் சாம்பல்நிறக் கற்சுவர் எழுந்தது.

இங்கே வரலாற்று மாணவன் கவனிக்க வேண்டியதொன்று உண்டு. 1950களிலும் 60களிலும் அத்தோட்டத்தில் நடந்து திரிந்தவர்க்கு, படகும் கட்டணமும் வந்த நாளே தோட்டம் அழிந்த நாள். தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு வேண்டிய இடத்தில் நின்று, வேண்டாத இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சென்றதே அவர்களுடைய இளமை. படகில் ஏறிய பிள்ளைகளுக்கோ, படகு நின்ற நாளே அழிந்த நாள். ஒருவர் இழப்பாகக் கருதுவதை மற்றவர் இளமையாகப் போற்றுகின்றார். இருவரும் ஒரே குன்றைப் பற்றியே பேசுகின்றனர். இருவர் சொல்வதும் மெய். இவற்றுள் எது உண்மையான தோட்டம் என்று வழக்காடுவதிற் பயனில்லை. எந்த ஆண்டில், எந்த வயதில், எவ்வழியே சென்றார் என்று கேட்டு எழுதிக்கொள்வதே ஆராய்ச்சியாளன் கடன். ஆண்டைக் கேளாமல் நினைவை மட்டும் வாங்கிக்கொண்டு எழுதினால், 1965-இல் படகு ஓடியதாக ஒருவர் சத்தியம் செய்வதையும் நம்ப நேரும்.

எனினும் முதியோர் பக்கத்தில் ஒரு நியாயம் கூடுதலாக இருப்பதாகவே தோன்றுகின்றது. அறம் சொல்லுதற்கு ஒருவர் பொதுமக்களுக்கு அளித்த இடத்தை, காசில்லாதவன் நுழைய முடியாத இடமாக்கியது பிழையே. அப்பிழைக்குப் படகு பொறுப்பன்று, வாயிலே பொறுப்பு. படகை மட்டும் தனியே எடுத்து நோக்கின் அது நல்லதொரு ஆசிரியனே. நடந்து செல்பவன் தனக்குப் பிடிக்காத மன்றத்தைத் தாண்டிவிடலாம். படகிலிருப்பவனால் இறங்கி ஓட இயலாது. ஒவ்வொரு மன்றத்தின் முன்னும் படகு கொண்டுபோய் நிறுத்தியதுபோலக் காட்டிவிடும். செய்த வினையிலிருந்து தப்ப முடியாது என்ற பத்து மன்றங்களின் கருத்தை, எழுதிவைத்த பலகையைவிட அந்தப் படகின் மெதுவான ஓட்டம் நன்கு உணர்த்தியது.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவிலும் இதுபோன்றதொரு மறைவு நிகழ்ந்தது. 1955-இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோதே 'திரு. தோடின் காட்டுச் சவாரி' என்னும் இருட்டுச் சவாரி அங்கிருந்தது. கென்னத் கிரஹாம் 1908-இல் வெளியிட்ட குழந்தைக் கதையிலிருந்து அது பிறந்தது. மோட்டார் வண்டிப் பைத்தியம் பிடித்த தேரை ஒன்று தறிகெட்டு ஓட்டிச் செல்வதே கதை. அச்சவாரியில் தேரையை நாம் வேடிக்கை பார்ப்பதில்லை. வண்டியை ஓட்டுபவனே நாம். இறுதியில் புகைவண்டியில் மோதி, நேரே நரகத்துக்குள் வண்டி புகும். சிவந்த ஒளியில் குட்டிச் சாத்தான்கள் துள்ளும். மூலக்கதையில் நரகம் கிடையாது. சவாரி அமைத்தவர்கள் தாமே சேர்த்தது அது. பாசிர் பாஞ்சாங்கில் பிறர் படும் நரகத்தைப் பார்த்துவிட்டு வரலாம். அமெரிக்கக் குழந்தையோ தானே குற்றவாளியாய் நரகம் புகுந்து, மறுகணம் சூரிய வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டு வெளிவரும். தண்டனையே இல்லாத நரகம்! இரண்டு நாகரிகங்களின் போக்கும் இதில் ஓரளவு விளங்கும்.

இதே சவாரி புளோரிடாப் பூங்காவிலும் 1971 முதல் நடந்தது. அதை மூடப்போவதாகச் செய்தி வந்ததும் அன்பர்கள் தேரைப் படமிட்ட சட்டையணிந்து பூங்காவுக்கே சென்று எதிர்ப்புக் காட்டினர். பயனில்லை, 1998 செப்டம்பர் 7-ஆம் நாள் அது மூடப்பட்டது. மறு ஆண்டு அங்கே ஒரு கரடிக்குட்டியின் கதை சவாரியாய் வந்தது. ஆயினும் புதிய சவாரியின் சுவரில், பழைய தேரை தன் வீட்டுப் பத்திரத்தை ஆந்தையிடம் ஒப்படைப்பது போன்ற ஒரு படத்தை மாட்டி வைத்தனர். முன்னவருக்குப் பின்னவர் செய்யும் மரியாதை அது, சிறிதெனினும் பாராட்டத்தக்கது. கலிபோர்னியாவிலோ மூலச் சவாரி இன்னும் ஓடுகின்றது. கடல்நாகத்துக்கு அத்தகைய உடன்பிறப்பு எங்குமில்லை. ஆவ் பூன் ஹாவ் 1935-இல் ஹாங்காங்கில் அமைத்த மற்றொரு தோட்டமும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. மாளிகை மட்டும் எஞ்சியது.

சிங்கப்பூர்த் தோட்டம் நிலைத்தது. 2011-இல் அதன் வாயிலருகே திறக்கப்பட்ட எம்.ஆர்.டி. நிலையத்துக்கும் ஹாவ் பார் வில்லா என்றே பெயர். தோட்டத்துக்குள் செல்லக் கட்டணமில்லை. பத்து மன்றங்கள் மட்டும் 2021 அக்டோபரில் 'நரக அருங்காட்சியகம்' ஒன்றின் பகுதியாகித் தனிக்கட்டணத்துக்கு உரியனவாயின. சாவைப் பற்றிப் பல சமயத்தார் கொண்ட எண்ணங்களையும் சடங்குகளையும் அங்கு விளக்குகின்றனர். குளிர்ந்த கூடங்களில் விளக்கங்களைப் படித்துவிட்டு, பிறகு மன்றங்களை நடந்தே காண்கின்றனர். கல்விக்கு இது நல்ல ஏற்பாடே. அச்சத்துக்கு அவ்வளவு இடமில்லை.

பத்தாம் மன்றத்தில் ஒரு மூதாட்டி இருக்கின்றாள். மெங் போ என்று பெயர். தண்டனை முடிந்த உயிர்கள் மறுபிறவிச் சக்கரத்துக்குள் செல்லுமுன், மறதி மண்டபத்தில் அவள் கையால் ஒரு கிண்ணம் தேநீர் பருக வேண்டும். பருகியதும் முற்பிறவி முழுதும் மறந்துபோகும். பின்னரே புதிய உடம்பு. படகில் சென்ற குழந்தைகள் கடைசியாகக் கடந்தது அவளைத்தான். மறதியைப் பரிமாறும் அந்த மூதாட்டியைக் கடந்து வெளியே வந்தவர்கள், முப்பது ஆண்டு கழித்தும் நீரின் வாடையையும் இருட்டின் குளிர்ச்சியையும் எந்த மன்றத்தில் அழுதோம் என்பதையும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொண்டிருக்கின்றார்கள்.